உள் தாழ்ப்பாள்

மகள் கடப்பாரையைக் கதவிடுக்கில் செருகி நெம்பினாள்.

"இன்னொரு தரம் தட்டிப் பாக்கட்டுமா?" என்றார் பின்னால் நின்ற வெல்டர்.

"ராத்திரி தட்டுனது போதாதா, சித்தப்பா?"

விடிந்ததும் அவளுக்குப் போன் போட்டு வரவழைத்தவர் ஒதுங்கிக்கொண்டார். தாழ்ப்பாள் லேசில் விடவில்லை. அம்மா இந்த வீட்டுக்கு வந்த அன்றே கேட்டு, அவரே கெட்டியாக அடித்து மாட்டிக் கொடுத்தது. முன்னறை அவருக்கு, உள்ளறை அம்மாவுக்கு. இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "மில்லுல ஒரு முதலாளி பத்தாதா, வீட்லயும் ஒருத்தன் எதுக்கு?" என்பாள் அம்மா, சங்கக் கூட்டத்திலும் அடுப்படியிலும் ஒரே குரலில். "போகலாம்னு கதவு தொறந்திருக்கு, அப்பவும் இருக்கான் பாரு. அவன்தான்டி கூட இருக்கறவன்."

அவர் தட்டுவார். மனமிருந்தால் அம்மா திறப்பாள். இல்லாவிட்டால் அவர் போய்ப் படுத்துக்கொள்வார். ஏனென்று மறுநாள் கேட்பதில்லை. தெருவில் அவருக்குத் தபால்காரர் என்று பேர்.

கதவு நாலு விரல் திறந்து எதன்மேலோ இடித்து நின்றது. துணி மூட்டை என்றுதான் முதலில் நினைத்தாள்.

அம்மா கதவை ஒட்டிச் சில்லிட்டுக் கிடந்தாள். வலது கை கதவை நோக்கி நீண்டிருந்தது. குளிப்பாட்டும்போது எவ்வளவு நீவியும் அந்த விரல்கள் நிமிரவில்லை. திறக்க வந்தாளா, தாழ் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க வந்தாளா?

மதியம் தாய்மாமா வந்தார். "கட்டுனவனா இருந்தா ஒடச்சிருப்பான்" என்றார், வெல்டர் காதில் விழும்படி.

"கட்டுனவரு ஒடச்சாரு மாமா. அன்னைக்கிதான் அம்மா என்னைத் தூக்கிக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்தா. நீங்க தொறந்தீங்களா?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

வெல்டர் நிலைப்படிக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். மகள் உள்ளேயிருந்தே கேட்டாள். "என்ன சத்தம் கேட்டுச்சு?"

"எதோ விழுந்தாப்ல. தட்டுனேன். பேச்சில்ல."

"பயமா இல்லையா?"

"இருந்துச்சு." பனியன் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார். "ஒடச்சு உள்ள போயி, அவ கட்டில்ல சும்மா உக்காந்திருந்தா என்னை எப்படிப் பாத்திருப்பா? அதையே நெனச்சிக்கிட்டுக் கெடந்தேன்."

மகள் தரையில் சிதறியிருந்த மரச்சிராய்களைப் பொறுக்கினாள். முதுகுக்குப் பின்னால் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மாவைக் கிடத்தியிருந்த பலகையைத் தூக்க நாலு பேர் வேண்டும். மகள், மாமா, எதிர்வீட்டு டிரைவர். வெல்டர் எழுந்து நிலைப்படியில் நின்றார்.

"உள்ள வரட்டுமாம்மா?"

அவள் அம்மாவின் விரல்களைப் பார்த்தாள். வாங்க என்று சொல்லிவிட்டால் அம்மா திறக்கத்தான் வந்தாள் என்று ஆகிவிடும். வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"எனக்குத் தெரியல, சித்தப்பா."

அவர் தலையாட்டிவிட்டுப் பின்வாங்கினார்.

மூன்று பேராகத் தூக்கினார்கள். ஆளில்லாத முன்மூலை சரிந்தது. மாமா முனகினார். அப்படியே சாய்ந்தவாக்கில் பலகை நிலைப்படியைக் கடந்தது. அந்த மூலை முன்னறைக்குள் வந்த பிறகு, வெல்டர் குனிந்து அதற்குத் தோள் கொடுத்தார்.