இரண்டாம் மாடிக் கரை

சரவணம்பட்டியில் இருந்த அந்த மென்பொருள் நிறுவனத்தில், எழுதி வைத்ததும் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால், இருப்பது தன்னைத் திருத்திக்கொள்ளும். அலுவலகத்தைப் பற்றிய விவரங்களை எல்லோரும் விக்கியில் எழுதுவார்கள். குறை கண்டால் கணினியில் டிக்கெட் என்ற புகார்க் குறிப்பைப் போடுவார்கள், தீர்ந்ததும் மூடுவார்கள். ஒருவர் பெயரில் டிக்கெட் திறந்திருக்கும்வரை அவருக்கு விடுப்பு கிடையாது. அவரை ஏற்றிக்கொண்டு லிஃப்ட் கீழே இறங்காது. படிக்கட்டைப் பற்றி யாரும் விக்கியில் எழுதவில்லை, அதனால் படிக்கட்டு இல்லை.

பகவதி அங்கே டெஸ்டர். அடுத்தவர் வேலையில் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள். சம்பளம் தராவிட்டாலும் கண்டுபிடிப்பாள். வியாழக்கிழமை காலை இரண்டாம் மாடித் தரைவிரிப்பில் யாரோ டீயைக் கொட்டியிருந்தார்கள். பார்த்துவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம். மறுநாள் நாகர்கோவிலில் அவளுக்கு நிச்சயதார்த்தம். சாயங்கால ரயிலுக்காகப் பெட்டியோடுதான் வேலைக்கே வந்திருந்தாள். ஆனால் கை சும்மா இருந்தால்தானே? 'இரண்டாம் மாடியில் கறை உள்ளது' என்று டிக்கெட் போட்டாள். போகிற அவசரத்தில் றகரத்துக்குப் பதில் ரகரம் விழுந்து, கறை கரையாகிவிட்டது.

அவள் ஒரு வடையைத் தின்றுவிட்டு வருவதற்குள் இரண்டாம் மாடியில் கரை வந்திருந்தது. ஈர மணல், கொஞ்சம் கோரைப்புல், ஒற்றைக் காலில் ஒரு கொக்கு. பராமரிப்புப் பிரிவினர் எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவர்கள். ஓடி வந்து பார்த்து, 'கரை உள்ளது, தண்ணீரைக் காணவில்லை' என்று டிக்கெட்டின் அடியில் குறித்துவிட்டுப் போனார்கள். சாப்பாட்டு நேரத்துக்குள் தண்ணீரும் வந்தது. கணக்குப் பிரிவினர் பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு தங்கள் நாற்காலிகளுக்குப் போனார்கள்.

எழுத்தைத் திருத்தினால் தீர்ந்தது என்று பகவதி டிக்கெட்டைத் திறந்து ரகரத்தை எடுத்துவிட்டு றகரத்தைப் போட்டாள். கரை போகவில்லை. கறையும் வந்து சேர்ந்துகொண்டது. ஏரி முழுக்க டீயாகிவிட்டது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். சர்க்கரை போதவில்லை என்று இரண்டு பேர் புது டிக்கெட் போட்டார்கள். அவையும் பகவதியின் பெயரிலேயே வந்து உட்கார்ந்தன.

விக்கியைப் பார்த்துக்கொள்பவர் முபாரக். அவரிடம் போனாள்.

"அண்ணா, அந்த ஏரியைக் கொஞ்சம் அழிச்சிடுங்கண்ணா."

"பக்கம் போட்டாச்சேம்மா. கொக்குக்குத் தனிப் பக்கம், படத்தோட. இப்ப ஏரியை அழிச்சா கணக்குப் பிரிவும் சேர்ந்து போயிரும். அவங்க அந்தத் தலைப்புக்குக் கீழதான் வர்றாங்க."

ஏரிக்குள்ளிருந்து கணக்குப் பிரிவினர் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களில் யாரும் அவளுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. பகவதி திரும்பி வந்துவிட்டாள்.

இந்த நிச்சயதார்த்தம் ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போயிருந்தது. அப்போதும் வேலைதான் காரணம். இனியும் பெண்ணுக்கு நேரமில்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாக மாப்பிள்ளையின் அம்மா பளிச்சென்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை சிவதாணுவைப் பகவதிக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஓட்டலுக்குப் போனால் விலைப்பட்டியலில் எழுத்துப்பிழை பார்த்துவிட்டுத்தான் அவன் இட்லியே சொல்வான். அப்படி ஒருவன் இன்னொரு தடவை கிடைக்க மாட்டான் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே மேலாளர் கோகுல்நாத்தின் அறைக்குப் போனாள்.

"சார், நாளைக்கு எனக்கு நிச்சயதார்த்தம். டிக்கெட்டை வேற யார் பேருக்காவது மாத்திவிடுங்க சார்."

"ஏனுங்க பகவதி, ஏரியைப் போய் யாருங்க வாங்கிக்குவாங்க?" என்றார் அவர். "அதுக்காக மேனேஜ்மென்ட்டுக்கு உங்க மேல அக்கறை இல்லைன்னு நெனச்சுக்காதீங்க. டிக்கெட்லயே எழுதிப்போடறனுங்க."

சொன்னபடி எழுதினார். கோகுல்நாத் நல்ல மனிதர், ஆனால் வாழ்நாளில் றகரத்தைத் தொட்டவரில்லை. 'இதில் நிர்வாகத்துக்கு மிகுந்த அக்கரை உண்டு' என்று பதிவாகியது.

ஏரிக்கு அந்தப் பக்கம், பிரின்டர் இருந்த திசையில், அக்கரை தெரிய ஆரம்பித்தது. செக்கச்செவேலென்று இருந்தது. விக்கியில் ஒரு பெயர் மட்டும் இருந்து, அதற்குரிய பக்கத்தை யாரும் எழுதாதிருந்தால், அந்தப் பெயர் சிவப்பாகத்தான் தெரியும். "இக்கரைக்கு அக்கரை பச்சைன்னு சொல்வாங்க, இது என்னங்க இப்படி இருக்குது?" என்று கணக்குப் பிரிவில் குறைபட்டுக்கொண்டார்கள்.

பகவதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுதாத பக்கத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அக்கரையும் இரண்டாம் மாடியில்தான் இருக்கிறது. அங்கே போவதற்கு விடுப்பும் வேண்டாம், லிஃப்டும் வேண்டாம்.

உட்கார்ந்து எழுதினாள். அக்கரை என்பது நாகர்கோவில் வடசேரியில் பகவதியின் வீடு. அங்கே வெள்ளிக்கிழமை காலை பகவதிக்கும் சிவதாணுவுக்கும் நிச்சயதார்த்தம். சிவதாணு என்ற பெயரை மூன்று தடவை எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். அதற்குள் கணக்குப் பிரிவினர் ஆளுக்கொரு யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டதால், சாப்பாட்டு வரியை மட்டும் வேகமாக அடித்து முடித்துச் சேமித்தாள். அக்கரை பச்சையாகிவிட்டது. கணக்குப் பிரிவில் கைதட்டினார்கள்.

ராத்திரி அலுவலகத்திலேயே தங்கிவிட்டு, வெள்ளிக்கிழமை காலை பகவதி பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பெட்டியைத் தலையில் வைத்து, டீயில் இறங்கி நடந்தாள். முழங்காலுக்கு மேல் ஆழமில்லை. இளஞ்சூடாக இருந்தது.

அக்கரையில் அவளுடைய அம்மாவும் அப்பாவும் பந்தல்காலைப் பிடித்தபடி வழிபார்த்து நின்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா பகவதியின் ஈரக் கால்களைப் பார்த்தார், மூக்கை உறிஞ்சினார், "ஏலக்காய் தட்டிப் போட்டிருக்கு" என்றார். அது நல்லதா கெட்டதா என்று யாருக்கும் விளங்கவில்லை. முகம் மட்டும் இறுகித்தான் இருந்தது.

ஓலை வாசித்தார்கள். தட்டு மாற்றினார்கள். அப்போதும் அவர் முகம் இளகவில்லை. பந்தி போட்டபோது சிவதாணு பகவதியின் பக்கம் குனிந்தான்.

"சாப்பாட்டு வரியில ஒரு எழுத்து மாறிப் போச்சு கேட்டியா."

பகவதி பந்தியை எட்டிப் பார்த்தாள். இலையில் அவியல் இருந்தது, எரிசேரி இருந்தது. புளிசேரி மட்டும் இல்லை. அவள் புலிசேரி என்று அடித்திருந்தாள். கடைசி வரிசையில் புலிகள் சேர்ந்து உட்கார்ந்திருந்தன. சம்மணம் போட்டு, தலையை நிமிர்த்தாமல், வைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

"திருத்திடவா?" என்றான் சிவதாணு.

"வேண்டாம். இலை போட்டாச்சு. பாதிச் சாப்பாட்டுல எழுப்பக் கூடாது."

மாப்பிள்ளையின் அம்மாவும் அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு பகவதியைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"அங்கண இருக்கது ஆரு பக்கத்து ஆளுவ?"

பொய் சொல்ல அவளுக்கு வராது. எழுதியவள் அவள்தான். "எங்க பக்கம்தான் அத்தை" என்றாள்.

"கொள்ளாம்" என்றார் அவர். முகம் முழுக்கச் சிரிப்பு வந்திருந்தது. "மரியாத தெரிஞ்ச ஆளுவ. உறவு நிலைக்கணும்னு இலைய உள்பக்கமா மடக்கினாவ பாத்தியா? எங்க ஆளுவளே மறந்திட்டானுவ. கல்யாணத்துக்கு ஒருத்தர் விடாம வரச் சொல்லணும், மக்ளே."

கல்யாணம் என்ற சொல்லை அவர் வாயால் கேட்டதும் பகவதிக்கு மனம் குளிர்ந்துபோனது. கை கழுவப் போய்க்கொண்டிருந்த புலிகளின் பின்னால் ஓடினாள். ஒவ்வொருவரையும் நிறுத்தி, பெயரையும் இனிஷியலையும் கேட்டு, எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள். கல்யாணப் பத்திரிகையில் பிழை வரக் கூடாது.