சரக்கு வாசல்

"நெஞ்சு மேல அழுத்தாம கட்டுங்க மாமா" என்றான் அண்ணன். சொன்ன பிறகுதான் அது இனி வேண்டாத கவனம் என்று அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டான். கப்பிக்காரர் அப்பாவைப் பலகையோடு சேர்த்து இன்னொரு முடிச்சுப் போட்டார். பக்கத்தில் நின்ற தங்கையால் அந்த முடிச்சைப் பார்க்க முடியவில்லை.

பழைய சுங்கக் கட்டடத்தின் மேல்தளத்தில், காவல்காரருக்கென்று ஒதுக்கிய இரண்டு அறைகள்தான் அவர்கள் வீடு. அங்கே வந்துபோக இரண்டே வழி. ஒன்று, சுவருக்குள்ளேயே முறுக்கிக்கொண்டு ஏறும் கல் படிக்கட்டு. ஒல்லியான ஆளுக்கே இரண்டு தோளும் உரசும். மற்றது, கடலைப் பார்த்த சரக்கு வாசல். கதவைத் திறந்தால் படியும் கிடையாது, தடுப்பும் கிடையாது. நேரே கீழே துறைமுக முற்றம். தலைக்கு மேல் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் உத்தரமும் கப்பியும்தான் மூட்டைகளுக்கான ஏணி.

சுற்றிப் பார்க்க யார் வந்தாலும் அப்பா அவர்களைப் படிக்கட்டில் நிறுத்தித்தான் பேச்சை ஆரம்பிப்பார். "கட்டினவன் லேசுப்பட்டவன் இல்ல. சரக்கு, அதிகாரி கண்ணு முன்னாடிதான் எறங்கணும். இந்தப் படியில ஆள் வரலாம், மூட்டை வராது. ஒருத்தனும் ஒளிச்சு எடுத்துட்டுப் போக முடியாது." ஏதோ தானே கட்டியதுபோல் பெருமை. பிறகு தொந்தியைத் தட்டிக்கொள்வார். "இதை மட்டும் நான் எப்படியோ கடத்திட்டு வந்துடறேன்."

நேற்றுக் காலை அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் பாதிப் படியில் ஸ்ட்ரெச்சர் திரும்பாமல், வெறுங்கையோடு மேலே வந்தார்கள். உட்கார வைக்கவே கூடாது, படுத்தபடியேதான் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். அண்ணன் சரக்கு வாசலைத் திறந்தான்.

அப்பா அவள் கையை இறுக்கிப் பிடித்தார். "நான் என்ன மூட்டையா? அந்த வழியா மட்டும் எறக்க விட்டுடாதம்மா. கொஞ்சம் தேறினா நானே நடந்து எறங்கிடுவேன்."

அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். அவளும் அவர் பக்கம் ஒற்றைக்காலில் நின்றாள். வாசலை மறித்துக்கொண்டு, "அவருக்கு இஷ்டமில்லாததைச் செய்ய விடமாட்டேன்" என்று கத்தினாள்.

"நீ அவரைக் கொன்னுடுவ" என்றான் அண்ணன்.

ஊசி போட்டுவிட்டு, மனசு மாறினால் கூப்பிடச் சொல்லிவிட்டு ஆம்புலன்ஸ்காரர்கள் போய்விட்டார்கள். சாயங்காலம் அப்பாவின் உதடு நீலம் பாரித்தபோது அவளுக்கு மனசு மாறியது. ஆம்புலன்ஸைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டு, அவசர அவசரமாகப் பை எடுத்துவைத்தாள். அண்ணன் கப்பிக்காரரைக் கூட்டிவர ஓடினான். அவர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அண்ணன் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

பலகை வாசலைத் தாண்டி வெளியே ஆடியது. கப்பிக்காரர் கயிற்றைத் தளர்த்தினார். காலமெல்லாம் பழகிய வாய் தானாகக் கத்திவிட்டது.

"சரக்கு எறங்குது, வெலகு!"

கீழே காத்திருந்தவர்கள் பழக்கப்படியே விலகினார்கள். கப்பிக்காரர் கண்ணைத் துடைக்கக் கயிற்றை விட முடியாமல் நின்றார். "மன்னிச்சுடுப்பா" என்றார், கீழே பார்த்து.

அவள் எட்டிப் பார்த்தாள். பலகை கொஞ்சமும் சாயாமல், ஒரு குலுக்கல்கூட இல்லாமல் இறங்கியது. அவள் அடக்கிவைத்திருந்த மூச்சை விடுவதற்குள் தரையைத் தொட்டுவிட்டது. இவ்வளவுதானா? அழுகை வரவில்லை.

அண்ணன் படிக்கட்டு வழியாகப் போய்விட்டான். வெறும் கொக்கி மேலே ஏறி வந்து வாசலில் ஆடியது. கப்பிக்காரர் அதைப் பிடித்து நிறுத்தினார்.

"வேற ஏதாச்சும் எறக்கணுமாம்மா?"

"இல்ல மாமா."

கதவோரத்தில் நேற்று அவள் எடுத்துவைத்த பை இருந்தது. துண்டு, பிளாஸ்க், ஒரு மாற்றுச் சட்டை. கப்பிக்காரர் அதைக் காலில் படாமல் ஓரமாக நகர்த்திவிட்டு, கதவைச் சாத்தினார்.