முதல் இலைக்காரர்

சபரிமலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றினால் மறுநாள் கறிக்குழம்பு என்பது நயினார் வீட்டில் எழுதாத சட்டம். அந்தத் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமையும் அவர் மனைவி இசக்கிசெல்வி ஆட்டுக்கறி வாங்கி, தேங்காய் வறுத்து அரைத்து, தென்காசியில் அவர்கள் தெருவே மூக்கைத் தூக்கிப் பார்க்கும்படி குழம்பு வைத்தாள். மனிதர் வந்து உட்கார்ந்தார். குழம்புச் சட்டியைப் பார்த்தார்.

"எனக்கு ரசம் மட்டும் போதும் செல்வி."

"மேலுக்கு முடியலையா?"

"மேலுக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இனிமே கறி வேண்டாம்னு நெனைக்கேன்."

இரண்டு நாளில் தெளிந்துவிடும் என்று நினைத்தாள். தெளியவில்லை. நயினாருக்குக் குற்றாலத்தில் பழக்கடை. விடிகாலையில் அருவியில் குளித்துவிட்டு, கோயிலைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் கடையைத் திறப்பார். காரணம் கேட்டதற்கு அப்படி நிற்பதைத்தான் சொன்னார்.

"மாலை போட்டிருந்தப்ப, கும்பிடும்போது மனசு ஒரு எடத்துல நின்னுச்சு. இத்தன வயசுக்கு எனக்கு அப்படி நின்னதே கெடையாது. அத விட மனசில்ல. நீ வை, நீ தின்னு. ஒன்னய ஏதாவது சொல்லுதேனா?"

ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரம். திட்டுகிற மனிதனோடு சண்டை போடலாம். சிரித்துக்கொண்டு ரசம் குடிக்கிறவனோடு என்ன செய்வது? நாட்டுக்கோழியை வறுத்துப் பார்த்தாள். மீன் பொரித்துப் பார்த்தாள். பனி இறங்கிய ஒரு சாயங்காலம் பிரானூரிலிருந்து பரோட்டாவும் சால்னாவும் வாங்கிவரச் செய்தாள். மனிதர் பரோட்டாவைச் சீனி தொட்டுத் தின்றார்.

உண்மையில் அவளுக்குக் கறியைப் பற்றிய கவலை இல்லை. கல்யாணமான நாளிலிருந்து, தட்டில் நல்லி எலும்பு விழுந்தால் அதைத் தட்டின் விளிம்பில் இரண்டு தட்டு தட்டி, "இந்தா, ஒன் நல்லி" என்று அவள் தட்டில் வைப்பது நயினாரின் வழக்கம். கண்ணே மணியே என்று கொஞ்சத் தெரியாத மனிதர். அவர் காட்டிய பிரியமெல்லாம் அந்த எலும்புக்குள்தான் இருந்தது. இப்போது சட்டி நிறைய எலும்பு, எடுத்து வைக்க ஆளில்லை. எதிர்வீட்டுக்காரி தம்பி இப்படித்தான் முதலில் கறியை விட்டான், பிறகு காவி கட்டித் திருவண்ணாமலைக்குப் போனவன் திரும்பவே இல்லை. இன்று கறி, நாளைக்கு நானா என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

பங்குனி உத்திரம் நெருங்கியது. வடகரைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குள் அவர்களுடைய குலதெய்வம் சாஸ்தா இருக்கிறார். அதே மதிலுக்குள் தளவாய் மாடனும் இருக்கிறார். சாஸ்தாவுக்குப் பொங்கல், மாடனுக்குக் கிடா. கிடாக்கறி சமைத்துப் பந்தி போட்டால் முதல் இலை குடும்பத்தில் மூத்த ஆணுக்கு. மாடன் பங்கில் முதல் வாயை அந்த இலைக்காரர் தின்னாமல் வேறு யாரும் சோற்றைத் தொடக்கூடாது. அப்பா போன பிறகு அந்த இலை நயினாருடையது.

வாசுதேவநல்லூரிலிருந்து நயினாரின் அக்கா பார்வதியம்மாள் போன் போட்டாள்.

"ஏட்டி செல்வி, அவன் ரசம் குடிக்கானாமே. மொத எலையில உக்காந்து ரசமா குடிப்பான்? அன்னைக்கு அவன் கறிய வாயில வைக்கலைன்னா, ஒங்க வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன் பாத்துக்க."

பார்வதியம்மாள் சும்மா சொல்லுகிற ஆளில்லை. சித்தப்பாவிடம் இப்படிச் சொன்னவள், அவர் செத்ததற்குக்கூடத் தெருமுனையில் நின்றுதான் அழுதாள்.

"ஒரு வாய்தானங்க. மருந்து மாதிரி முழுங்கிருங்க" என்று இசக்கிசெல்வி கெஞ்சினாள்.

நயினாரின் முகம் சுண்டிவிட்டது. தாயில்லாத அவரைத் தூக்கி வளர்த்தவள் அக்காதான். "அக்கா வராட்டா எனக்கு ரசமும் எறங்காது செல்வி. ஆனா நின்ன மனசு போயிருமே" என்றார். அதற்கு மேல் அவரைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது.

உத்திரத்தன்று சாஸ்தாவுக்குப் பொங்கல் படைத்து முடிந்தது. கிடாவுக்கு மாலை போட்டு மாடன் முன்னால் இழுத்து வந்தார்கள். பூசாரி மாரிச்செல்வம் சாஸ்தா சன்னதியில் சிவப்புத் துணியை இழுத்து மறைத்தார். சைவச் சாமி ரத்தம் பார்க்கக்கூடாது. இசக்கிசெல்வி வருசா வருசம் பார்க்கிறதுதான். அன்றைக்குத்தான் உறைத்தது. கறி தின்கிறான் என்று சாஸ்தா மாடனை விரட்டவும் இல்லை, கோபித்துக்கொண்டு தான் மலையேறவும் இல்லை. ஒரே மதில், நடுவில் ஒரு துணி. அவ்வளவுதான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பார்வதியம்மாள் திரும்பி முறைத்தாள்.

தோப்பில் பந்தி போட்டு நயினார் முதல் இலையில் உட்கார்ந்ததும், இசக்கிசெல்வி குளிக்கக் கொண்டுவந்த மாற்றுச் சேலையை எடுத்து, முதல் இலைக்கும் மற்ற இலைகளுக்கும் நடுவே இரண்டு தென்னையில் இழுத்துக் கட்டினாள்.

"என்னட்டி இது படுதா?"

"சாஸ்தாவுக்குப் போடலையா மதினி? அவருக்கு ஒரு நியாயம், இவுகளுக்கு ஒரு நியாயமா?"

பூசாரி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். பார்வதியம்மாள் அசையவில்லை. "அவரு சாமி. இவன் பழக்கடைக்காரன். படுதா கெடக்கட்டும், மாடன் பங்க யாரு திம்பா?"

சேலையைக் கட்டியதோடு இசக்கிசெல்வியின் யோசனை தீர்ந்துவிட்டது. பந்தி முழுக்க எச்சில் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"அக்கா, என் பங்க என் எலையில போடு" என்று படுதாவுக்குள்ளிருந்து நயினாரின் குரல் வந்தது.

பார்வதியம்மாள் ஜெயித்த முகத்தோடு உள்ளே போய் ஒரு கரண்டி கறியைப் போட்டுவிட்டு வந்தாள். இசக்கிசெல்வி இத்தனை நாளும் எதற்காகக் கெஞ்சினாளோ அது நடக்கப்போகிறது, அவளுக்கோ வேண்டாம் வேண்டாம் என்றிருந்தது. எங்களுக்காக இந்த மனுசன் நின்ற மனசைக் கலைக்கப் போகிறாரே என்று சேலையை அவிழ்க்க எழுந்தாள்.

அப்போது உள்ளே இரண்டு தட்டு சத்தம் கேட்டது. சேலைக்கு அடியில் ஒரு கை நீண்டது. வாழையிலைத் துண்டில் நல்லி எலும்பு.

"இந்தா, ஒன் நல்லி" என்றார் நயினார். பிறகு சத்தமாக, "அக்கா, என் பங்கு எம் பொண்டாட்டிக்கு இல்லாம வேற யாருக்கு? மொத வாய் அவ தின்னா நான் தின்னதுதான். எலைக்காரன் நான் சொல்லுதேன்" என்றார்.

"அது சரிதான் ஆச்சி, ரெண்டு பேரும் ஒரு குடும்பம்தான" என்றார் பூசாரி. அவருக்கும் பசி.

பார்வதியம்மாள் சேலையைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். "தின்னு தொலைட்டி, சோறு ஆறுது" என்றாள்.

இசக்கிசெல்வி எலும்பை உறிஞ்சினாள். கண்ணிலிருந்து கரகரவென்று நீர் இறங்கியது. காரம் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். மசாலா அரைத்தவளே அவள்தான், காரமே போடவில்லை.

கை கழுவி வந்த பார்வதியம்மாள் சேலையை விலக்கி, சாம்பார் சோறு தின்றுகொண்டிருந்த தம்பியைப் பார்த்தாள். பிறகு இசக்கிசெல்வியிடம் திரும்பினாள்.

"அடுத்த வருசம் நல்ல துணியா கொண்டா, இது கிழிஞ்சிருக்கு. ராத்திரிக்கு ஒங்க வீட்லதான் தங்கல். ரசம் வச்சிரு, தின்ன கறி நெஞ்சக் கரிக்கி."