மசாலாக் கோழி

"மசாலாக் கோழி இன்னிக்குப் பாதி விலை, எடுத்துக்கறீங்களா?"

காலையிலிருந்து ஒத்தீலியாவின் வாய் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. கல்லாவுக்கு வரும் ஒருவரிடம் சொல்லாமல் விட்டாலும் மேனேஜர் ரிகோபெர்த்தோவின் காதுக்குப் போய்விடும். மறுநாள் வேலைக்கு வர வேண்டாம். அப்படித்தான் போன மாதம் பக்கத்துக் கல்லாப் பெண் வீட்டுக்குப் போனாள்.

நேற்று குவாயாகில் நகரம் முழுக்கப் பகலெல்லாம் கரண்ட் இல்லை. கடை ஜெனரேட்டர் விளக்குக்கும் கல்லாவுக்குமே காணாது, கோழி வைத்த குளிர்பெட்டிக்கு எங்கே போவது? இந்த வெயிலில் கோழி என்ன ஆகும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விடிந்ததும் ரிகோபெர்த்தோ அத்தனையையும் கழுவச் சொன்னான். எலுமிச்சை, பூண்டு, சீரகம், சிவக்கச் சிவக்க மசாலா. பிணத்துக்குப் பவுடர் பூசிய மாதிரி.

"ஒண்ணும் ஆகாதும்மா. நல்லாக் கொதிச்சா எல்லாம் செத்துடும்" என்றான், கையை உதறியபடி. மத்தியானம் அவனுக்கு மட்டும் வெளியிலிருந்து மீன் சாப்பாடு வந்தது. தூ!

பொட்டலங்கள் ஒழுகின. கல்லாவில் சாமான் நகரும் ரப்பர் பட்டையில் சிவப்புத் தண்ணீர் கோடு போட்டது. துடைத்தால் துணி நாறியது, துணியைத் தொட்டால் விரல் நாறியது. அதே விரலால் ஒரு கைக்குழந்தைக்காரிக்குப் பால் டப்பாவைப் பையில் போட்டுக் கொடுத்தாள். விரலைத் துடைத்துக்கொண்டு, "மசாலாக் கோழி…" என்று அடுத்த ஆளிடம் ஆரம்பித்தாள்.

நான்கு மணி வாக்கில் பக்கத்து வீட்டு டிக்னா வந்தாள். ஒரே சுவர்தான் இரண்டு வீட்டுக்கும். பட்டையில் அரிசி, வாழைக்காய், ஒரு பொட்டலம் மசாலாக் கோழி.

"புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு ஒத்தீலியா. இன்னிக்குத்தான் வாயத் தொறந்து பசிக்குதுன்னா. எனக்கு சளி, மூக்கே தெரியல. நீ கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்லேன்."

ரிகோபெர்த்தோ மூன்றடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

ஒத்தீலியா பொட்டலத்தை மூக்கருகே கொண்டுபோனாள். சீரகத்துக்கு அடியில் அது இருந்தது, இனிப்பாக, கொழகொழவென்று. தொண்டை வரை இறங்கியது.

"நல்லாத்தான் இருக்குக்கா."

பில் மிஷின் கீச்சிட்டது. டிக்னா அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். அந்தக் கன்னத்தைப் பிய்த்து எறிந்துவிடலாம் போலிருந்தது ஒத்தீலியாவுக்கு. தன்மேலேயே இவ்வளவு அருவருப்பு வருமென்று அவள் நினைத்ததில்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கியவள் தன் வீட்டுக்குப் போகவில்லை. டிக்னாவின் கதவு திறந்தே இருந்தது. மேசையில் ஆவி பறக்கும் தட்டு. மெலிந்த கழுத்தோடு டிக்னாவின் மகள் மிலேனா கரண்டியைத் தூக்கி ஊதிக்கொண்டிருந்தாள்.

"வா, வா. உனக்கும் போடறேன்" என்றாள் டிக்னா.

ஒத்தீலியா கரண்டியைப் பிடுங்கினாள். தட்டை எடுத்தாள். அடுப்பிலிருந்த சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கி, வாசலுக்குப் போய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். மிலேனா வீறிட்டு அழுதாள்.

"அடிப்பாவி! பைத்தியமா புடிச்சிருக்கு உனக்கு?"

"கெட்டதுக்கா. நேத்தே கெட்டது."

டிக்னா சாக்கடையைப் பார்த்தாள். அப்புறம் அவளைப் பார்த்தாள்.

"நீதானேடி மோந்து பாத்த?"

ஒத்தீலியா ஆமென்று தலையாட்டினாள். நாளைக் காலை டிக்னா கடை வாசலில் நின்று கத்துவாள், கத்தத்தான் வேண்டும். வேலை போனது போனதுதான். ஒத்தீலியா காலிச் சட்டியோடு தெருவில் நின்றாள். சிவப்பு எண்ணெய் மெல்ல நகர்ந்து அடுத்த வீட்டு வாசலைத் தாண்டியது. அந்த வீட்டு ஜன்னலிலிருந்து சீரகமும் பூண்டும் கொதிக்கும் வாசனை வந்தது. எதிர்வீட்டிலும் அதே வாசனை. தெருமுனை வரை, விளக்கெரிந்த ஜன்னலிலெல்லாம் யாரோ தட்டு எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.