லேசான சுவிட்சுகள் நான்கு

முப்பத்தெட்டு நாட்களாகச் சுந்தரபாண்டியிடம் அவன் மனைவி மதுரை ஆஸ்பத்திரியில் இருப்பதாகவே எல்லோரும் சொல்லிவந்தார்கள். பாண்டிமீனாவை அடக்கம் செய்து முப்பத்தேழு நாள் ஆகியிருந்தது.

இருவருக்கும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை. அவள் மருந்து செலுத்தும் அறைக்குள் இருந்தாள். அவன் வெளியே லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். வெடித்ததும் எல்லோரும் வெளியே ஓட, அவன் உள்ளே ஓடினான். விருதுநகர் ஆஸ்பத்திரியில் கண் திறந்தவன் முதலில் அவளைத்தான் கேட்டான். அவன் பிழைப்பதே சந்தேகமாக இருந்த நேரம். அவன் அம்மா இருளம்மாள், "இருக்காப்பா, மதுரைக்குக் கொண்டு போயிருக்காக" என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு சொல்லைக் காப்பாற்ற அப்புறம் தெருவே பொய் சொல்ல வேண்டியதாயிற்று. அவனைத் தாயில்பட்டி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, பார்க்க வருகிறவர்களை இருளம்மாள் தெருமுனையிலேயே மறித்துச் சொல்லிக்கொடுத்து அனுப்பினாள். பதினாறாம் நாள் காரியம் எம். புதுப்பட்டியில், பாண்டிமீனாவின் அப்பா வீட்டில், சத்தமில்லாமல் நடந்தது. கை குணமாகட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பது பேச்சு.

இதில் அதிகம் மாட்டிக்கொண்டவள் பாண்டிமீனாவின் தங்கை கீர்த்திகா. இயற்பியலில் பி.எஸ்சி. முடித்தவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. அத்தானைக் கவனித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று இங்கே அனுப்பியிருந்தார்கள். அழுகை வந்தால் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவாள்.

ஒருநாள் இருளம்மாள் இல்லாத நேரத்தில் அவன் கேட்டான், அக்காவுக்கு எங்கே காயம் என்று. கீர்த்திகாவின் கண் முன்னால் இருந்தது அவன் கட்டுப்போட்ட கை. "கையிலதான் அத்தான். ஒங்களுக்கு மாதிரியே" என்றாள். போனில் பேசமாட்டாளா என்றதற்கு, புகை போய்த் தொண்டையில் குழாய் வைத்திருக்கிறார்கள் என்றாள். அவன் அதற்குப் பிறகு போனைப் பற்றிக் கேட்கவில்லை.

வலது கை ஓரளவு தேறிவிட்டது. இடது கைதான் மோசம். தொடையிலிருந்து தோல் எடுத்து உள்ளங்கையில் ஒட்டியிருந்தார்கள். வாரம் இரண்டு முறை சாத்தூரிலிருந்து பயிற்சி கொடுக்க வரும் ஞானதீபம் சிஸ்டர் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். ஒட்டின தோல் சுருங்கும். தினமும் நூற்றுக்கணக்கான தடவை பிடித்து, விட்டு, மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். இன்னும் மூன்று வாரம் இப்படியே மடக்கி வைத்திருந்தால் கை அப்படியே நின்றுவிடும், தண்ணீர்ச் செம்பைக்கூடப் பிடிக்க வராது. ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அவன் அதை மூலையில் உருட்டிவிட்டான். நான் என்ன தொட்டில் பிள்ளையா என்றான்.

அந்த மூலையில்தான் அரிசி மூட்டைக்குப் பின்னால் வீடியோ கேம் பெட்டி நின்றது. அவன் அப்பா ராக்கப்பன் சாத்தூரில் வைத்திருந்த வீடியோ கேம் கடையில் மிஞ்சிய ஒன்று. ஆளுயர மரப்பெட்டி, உள்ளே பழைய டிவி, கீழே பலகையில் இரண்டு பேருக்கு இரண்டு பிடி, பொத்தான்கள். ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடியில் கொட்டகை போடும்போது இதையும் லாரியில் ஏற்றிப் போவார்கள். அங்கேதான் அவன் பாண்டிமீனாவை முதலில் பார்த்தது. பந்து ஓடிய திசையில் பெட்டியைப் பார்த்தவன், அது ஓடினால் வேண்டுமானால் பிடிக்கிறேன் என்றான். அவன் எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை.

கீர்த்திகா பெட்டியைத் திறந்தாள். எலி கடித்த வயர்களைச் சேர்த்துச் சுற்றி மின்சாரம் கொடுத்ததும் டிவி உறுமிக்கொண்டு படம் காட்டியது. பொத்தான்களும் கழற்றித் துடைத்ததில் தேறின. பிடிகள்தான் நாசம். பிடியை எந்தப் பக்கம் சாய்த்தாலும் அடியில் அந்தப் பக்கத்துச் சுவிட்சைத் தட்ட வேண்டும். ஒரு பிடிக்கு நான்கு சுவிட்சு. எட்டும் துருவேறி இற்றுப்போயிருந்தன.

சாத்தூர் டிவி மெக்கானிக் சிரித்தே அனுப்பிவிட்டார். சென்னைக் கடைக்காரர் ஒருவர் போனில், முழுப் பிடியாகவே வரவழைக்கலாம், மூன்று வாரமாகும், ஆனால் பையன்கள் போட்டு நொறுக்குவார்கள் என்பதால் கட்டியாகத்தான் இருக்கும் என்றார். சிவகாசியில் கிடைத்த புதுச் சுவிட்சுகளை வாங்கிவந்து மேலே எடைக்கல் வைத்துப் பார்த்தாள். கால் கிலோ வைத்த பிறகுதான் டிக்கென்றது. ஒட்டுத் தோல் அதைத் தாங்காது.

கடைசியில் பழைய அச்சு மெஷின்களை உடைத்து விற்கும் சங்கிலிமுத்துவிடம் போய் நின்றாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"வெளையாட்டுச் சாமானுக்கா இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்த? எங்கிட்ட இருக்கதெல்லாம் சாமி காலண்டர் அடிச்ச மெஷினு தாயி."

அவள் தலையைக் குனிந்துகொண்டு, கை வெந்தவருக்கு என்றாள். எந்தக் கம்பெனி என்று கேட்டார். சொன்னாள். அதற்குப் பிறகு அவர் கேலி பேசவில்லை. எழுந்து போய், தாள் உள்ளே ஏறும் இடத்தில் இருக்கும் சிறு சுவிட்சு ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்தார். இரண்டு தாள் சேர்ந்து போனால் மெஷினை நிறுத்துகிற சுவிட்சு. தாளின் தடிமனுக்கே தட்டும். குடோன் முழுக்கத் தேடியதில் நல்லதாக நான்கு கிடைத்தன. ஐந்தாவது இல்லை. மற்ற குடோன்களுக்கும் போன் போட்டுப் பார்த்தார். எல்லாம் உருக்கப் போய்விட்டன.

நான்கையும் ஒரு பிடியின் அடியில் பொருத்தினாள். ஸ்பிரிங்கையும் மெல்லியதாக மாற்றினாள். ஐம்பது கிராம் கல்லுக்கே பிடி சாய்ந்தது.

அவன் பிடித்தான். முதல் நாள் இருபது தடவை, அடுத்த நாள் நூறு. ஆறாம் நாள் ஞானதீபம் சிஸ்டர் அவன் விரல்களை விரித்துப் பார்த்து, ஆள்காட்டி விரல் நிமிர்கிறது என்றார். இன்னும் இரண்டு வாரம் இதை மட்டும் விட்டுவிடாதே என்றார். இருளம்மாள் அன்று சோற்றில் நெய் ஊற்றினாள். அவன் ஆடிக்கொண்டே பழைய கதை சொன்னான்.

"ஒங்கக்கா பொத்தான அமுக்குறது மாவாட்டுற மாதிரி இருக்கும். கண்ண மூடிக்கிட்டே என்னையத் தோக்கடிப்பா. எங்கப்பாவுக்கு அம்புட்டுச் சிரிப்பு."

கீர்த்திகா குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

மறுநாள் காலையில் இரண்டாவது பிடியைக் கேட்டான். தனியே ஆடினால் சலிக்கிறதாம். அவள் சிவகாசிச் சுவிட்சுகளையே அதில் போட்டுவைத்தாள். வெந்த கையோடு இதை யார் பிடிக்கப்போகிறார்கள் என்று நினைத்தாள். அவன் எட்டி அந்தப் பிடியை அசைத்தான். முகம் சுருங்கியது.

இது என்ன கட்டை மாதிரி இருக்கிறது என்றான். லேசானது நான்குதான் கிடைத்தது என்றாள். அவன் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"ஒங்கக்காவுக்கும் கைதானே வெந்துச்சு? அவளுக்கும் அதே நாள்தானே ஆகுது? சிஸ்டர் சொன்ன கெடு அவளுக்கும் உண்டுல்ல?"

அவள் இரண்டாவது பிடியின் திருகை முடுக்கத் தொடங்கினாள்.

"என்னுதக் கழட்டு. ஒரு பலகையில அடிச்சு மதுரைக்குக் கொண்டுபோய்க் குடு. படுத்துக்கிட்டே புடிக்கட்டும். எனக்கு இந்தக் கட்டியானது போதும்."

வேறு தேடலாம், பத்து நாளில் கிடைக்கும் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். பத்து நாளில் அவள் கை நின்றுவிடும் என்றான். தான் வீட்டில் நெய்ச்சோறு தின்றுகொண்டு விளையாடும்போது அவள் ஒற்றையில் அங்கே கிடக்கிறாள் என்றான். கழற்றாவிட்டால் இனிப் பெட்டியைத் தொடமாட்டேன் என்றான்.

வாசல்படியில் நின்ற இருளம்மாள் கண்ணைக் காட்டினாள். கழற்றிக் கொடுத்துவிடு, எங்கேயாவது வைத்துக்கொள் என்று அர்த்தம். கீர்த்திகா கழற்றினாள். அவன் சொன்ன அளவில் பலகை அறுத்து, பிடியை அதில் முடுக்கி, செய்தித்தாளில் சுற்றினாள். மத்தியானப் பஸ்ஸுக்குக் கிளம்பச் சொன்னான். பெட்டியில் அவன் பக்கம் கட்டியான பிடியை மாட்டினாள். அதற்குள் பொட்டலத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தவன், அவளிடம் கொடுத்துவிட்டுப் பிடியைப் பிடித்தான்.

முதல் தடவை சாயவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தோளால் தள்ளினான். டிக்கென்றது. திரையில் ஆள் ஓரடி நகர்ந்தான். மறுபடி தள்ளினான். பத்தாவது தடவை கட்டைவிரலடியில் ஒட்டுத் தோல் பிளந்து ரத்தம் கசிந்தது. அவன் நிறுத்தவில்லை.

"போதும் அத்தான். விடுங்க."

"நீ கெளம்பு, பஸ்ஸு போயிரும். வலிச்சாலும் விடாமப் புடிக்கணும்னு நான் சொன்னதாச் சொல்லு. என்னையத் தோக்கடிச்சவளுக்கு இது தெரியாதா."

ரத்தம் பிடியிலிருந்து பலகைக்கு இறங்கியது. இந்தப் பொட்டலம் இனி எந்தப் பரணில் ஒளிந்தாலும் அவன் கைக்கு வராது. நாளையும் அவன் இப்படித்தான் தள்ளுவான். இரண்டு வாரமும் தள்ளுவான், கை போகும்வரை.

கீர்த்திகா வாசலிலிருந்து திரும்பிவந்து தரையில் உட்கார்ந்தாள். செய்தித்தாளைப் பிரித்தாள். திருப்புளியை எடுத்தாள்.

"ஏ புள்ள" என்றாள் இருளம்மாள்.

கீர்த்திகா நிமிரவில்லை. அவன் கையைப் பிடியிலிருந்து விரல் விரலாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது ஒங்களுக்குத்தான் அத்தான்" என்றாள். "அக்கா மதுரையில இல்ல. அன்னைக்கே செத்துப்போச்சு."