எட்டுத் துண்டாகப் படித்த கணக்கு

உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் கணக்கு எழுதுபவள் அவள். பதினோரு வருட வரவு செலவு முழுவதும் கணினியில் வெறும் எழுத்தாகவே இருந்தது. ஒரு வரியில் தேதி, அடுத்த வரிகளில் எதிலிருந்து எதற்கு எவ்வளவு போனது என்ற விவரம். யாரும் திறந்து படித்துவிடலாம். ஆனால் அதைக் கூட்டிக் காட்டும் பழைய இலவச நிரலுக்குத்தான் உடம்பு வளையாது. ஓர் அறிக்கை கேட்டால் நான்கு நிமிடம் எடுக்கும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானே ஒன்றை எழுத உட்கார்ந்தாள். தினமும் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு மணி நேரம், இப்படி மூன்று வருடம். கடைசியில் நான்கு நிமிட வேலை இரண்டு நொடியில் முடிந்தது. விரும்பியவர் எடுத்துக்கொள்ளட்டும், திருத்திக்கொள்ளட்டும் என்று மூல நிரலோடு இணையத்தில் போட்டுவிட்டாள்.

அதோடு நிம்மதி போயிற்று. முகம் தெரியாத ஒருவன் தேதியை வேறு மாதிரி காட்டச் சொன்னான். அதைத் தொட்டால் உண்டு இல்லை என்று பண்ணிவிடுவேன் என்றான் இன்னொருவன். மடிக்கணினி முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து அண்ணி சிரிப்பாள்.

"சம்பளம்னு ஒரு காசு இல்ல. முதலாளி மட்டும் முந்நூறு பேரு. உனக்கு வாய்ச்ச வேலை வேற யாருக்கு வாய்க்கும்?"

அவளுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, எங்கோ ஒரு மாணவர் விடுதியின் கணக்காளரிடமிருந்து கடிதம் வந்தது. 'உங்கள் நிரலுக்கு மாறிய பிறகு, கணக்கு காட்டும் அளவுக்குப் பெட்டியில் பணம் இல்லை. நான் எடுத்துவிட்டதாக நினைக்கிறார்கள். ரசீதைக் காட்டினேன். கணினி பொய் சொல்லாது என்கிறார்கள். மூன்று நாளாக வீட்டில் இருக்கிறேன். பிழை என்னுடையதா, உங்களுடையதா என்று மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா?'

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அவர் அனுப்பிய கணக்கைப் பழைய நிரலில் ஓட்டினாள், சரியாக வந்தது. தன்னுடையதில் ஓட்டினாள், உதைத்தது. வேகத்துக்காக அவள் கணக்கை எட்டுத் துண்டாக்கி ஒரே நேரத்தில் படிக்க வைத்திருந்தாள். ஒரு நாள் காலை அவர் கையிருப்பை எண்ணி, 'இதிலிருந்து தொடங்கு' என்று எழுதியிருந்தார். அன்று மாலையே மளிகைக்குப் பெரிய தொகை கொடுத்திருந்தார். இரண்டு வரியும் வெவ்வேறு துண்டில் மாட்டிக்கொண்டன. திரும்ப ஒட்டும்போது மாலை முன்னாலும் காலை பின்னாலும் போய்விட்டன. 'இதிலிருந்து தொடங்கு' என்றதும் நிரல் அந்த மளிகைச் செலவையே மறந்துவிட்டது.

அண்ணி தோளுக்குப் பின்னால் நின்று விஷயத்தைக் கேட்டாள். "தப்பு வந்தா நான் பொறுப்பில்லன்னு நீதான் முதல் பக்கத்துலயே எழுதியிருக்கியே?"

"எழுதியிருக்கேன் அண்ணி. அதுக்காக அந்த மனுஷன் வீட்ல உக்காந்திருக்கணுமா?"

அண்ணி கைபேசியை எடுத்து அவள் பக்கம் தள்ளினாள். கடிதத்தின் அடியில் விடுதியின் எண் இருந்தது.

விடுதி மேலாளருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. "நீங்க கம்பெனிலேருந்து பேசறீங்களா?"

"கம்பெனியெல்லாம் இல்ல சார். அந்த சாஃப்ட்வேரை எழுதினது நான். நான் ஒருத்திதான். தப்பு என்னோடது. அவர் கைல ஒரு காசு ஒட்டல."

மேலாளர் அவள் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "இதை எழுத்துல தருவீங்களா?" என்றார்.

"இப்பவே தரேன் சார்."

கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். நிரலின் பக்கத்திலும் ஊரறியப் பிழையைச் சொல்லி, எல்லோரும் தங்கள் கணக்கை ஒரு முறை சரிபார்க்கும்படி கேட்டுக்கொண்டாள். ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து, வரிகளின் வரிசை குலையாதபடி திருத்தினாள். இரண்டு நொடி ஐந்து நொடியாயிற்று. வேகத்துக்காகத்தானே வந்தோம் என்று உடனே நாலைந்து பேர் முணுமுணுத்தார்கள். கோபப்படவும் அலுப்பாக இருந்தது. பதில் போடவில்லை.

புதன்கிழமை காலை கணக்காளர் மறுபடி எழுதியிருந்தார். 'வேலையில் சேர்ந்துவிட்டேன். மேலாளர் வருத்தம் தெரிவித்தார். அவருக்கு மேலே இருப்பவர்கள் தெரிவிக்கவில்லை. நான் பழைய நிரலுக்கே போய்விட்டேன், தப்பாக நினைக்க வேண்டாம். நான்கு நிமிடம் காத்திருக்க என்னால் முடியும். என் கணக்கை இத்துடன் வைத்திருக்கிறேன். இனி எதை மாற்றினாலும் இதில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். இன்னொருவருக்கு இப்படி நடக்க வேண்டாம்.'

கணக்கில் வரும் ஆட்களின் பெயர்களை எல்லாம் மாற்றியிருந்தார். மளிகைக்காரர் காகம், பால்காரர் கொக்கு, மேலாளர் ஆந்தை. அத்தனை நாளில் முதல் முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கொஞ்சம் கலங்கியது. அதைச் சோதனைக் கணக்குகளோடு சேர்த்து ஓட்டிப் பார்த்தாள். சரியாக வந்தது.

கிடங்கில் அன்று சரக்கு எண்ணும் நாள். முதுகு விண்விண்ணென்று தெறிக்க, பையை மாட்டிக்கொண்டு பேருந்து ஏறினாள். உட்கார இடம் கிடைத்ததுதான் தெரியும். நடத்துனர் தட்டி எழுப்பியபோது அவள் இறங்கவேண்டிய நிறுத்தம் போய் இரண்டு நிறுத்தமாகியிருந்தது.