லூசியம்மாளின் முதல் நம்பர்

இன்னாசிமுத்துவின் தகரப் பெட்டியை அவன் மனைவி தொடக்கூடாது. கல்யாணமாகித் தாராவிக்கு வந்த மறுநாளே அதை அவளிடம் சொல்லிவிட்டான்.

"உன் கை எப்பவும் ஈரமா இருக்கு. தாள் ஊறிப் போவும்."

பெட்டிக்குள் இருந்தவை படக்கதைப் புத்தகங்கள். எல்லாம் அமெரிக்கப் புத்தகங்கள், உலகச் சண்டைக் காலத்தில் அச்சானவை. அப்போது பம்பாய் துறைமுகத்தில் வந்திறங்கிய சிப்பாய்கள் படித்துவிட்டுப் போட்டுப்போனவை, பழைய பேப்பர் வாங்கும் ரத்திக் கடைகளில் கட்டுக்கட்டாகக் கிடந்து, இருபது வருஷம் கழித்து ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன. இன்னாசிமுத்துவுக்குத் தோல் பட்டறையில் கைப்பைக்குத் தோல் வெட்டும் வேலை. சாயங்காலம் வந்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, துண்டால் துடைத்து, கையை மோந்து பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பான். ஊரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்திருந்ததால் எழுத்துக்கூட்டி இங்கிலீஷ் வாசிக்க வரும். புத்தகங்களுக்கு இடையில் அந்துருண்டை போட்டு வைத்திருந்தான்.

அவனுக்குப் பிடித்தது 'சில்வர் ஹெரன்' என்கிற தொடர். கலங்கரை விளக்கக் காவலாளி ஒருவன் இரும்புச் சிறகு கட்டிக்கொண்டு கடல்மேல் பறந்துபோய் எதிரிகளை அடிக்கிற கதை. தாராவியிலும் மாட்டுங்காவிலும் இந்தப் புத்தகம் தேடுகிற தமிழர்கள் அதைக் 'கொக்கு' என்றுதான் சொல்வார்கள். கொக்கு இத்தனாம் நம்பர் இருக்கிறதா, அட்டையோடு இருக்கிறதா, அட்டை இல்லாமலா என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் புத்தகக் கடைகளில் கூடிப் பேசுவார்கள். அந்தக் கூட்டத்தில் இன்னாசிமுத்துவுக்கு ஆகாத ஆள் ஒருவன் இருந்தான். செம்பூர் திலக் நகரில் குடியிருந்த ஷாகுல் ஹமீது. காயல்பட்டணத்துக்காரன், துறைமுகத்தில் வேலை. எந்தக் கப்பல் வந்தாலும் அதிலிருந்து இறங்குகிற காகிதம் முதலில் அவன் கண்ணில் படும். அவன் இன்னாசிமுத்துவுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. "அண்ணாச்சி, இது கிடைச்சிது பாருங்க" என்று சிரித்த முகத்தோடு காட்டுவான், அவ்வளவுதான். ஆனால் காட்டிய அன்றைக்கு இன்னாசிமுத்துவுக்குச் சோறு இறங்காது.

ஒரே ஆறுதல், கொக்கு முதல் நம்பர் ஷாகுலிடமும் கிடையாது. யாரிடமும் கிடையாது.

அவன் மனைவி லூசியம்மாள் மாட்டுங்காவில் ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் ஒரு பார்ஸிக்கார அம்மாள் வீட்டில் சமையல் வேலை செய்தாள். அறுபத்து நாலாம் வருஷம் மழை தொடங்குமுன் அந்த அம்மாள் வீட்டைக் காலி செய்துகொண்டு லண்டனில் இருக்கும் மகனிடம் போனாள். போகும்போது லூசிக்கு இரண்டு சேலையும், ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவும் கொடுத்தாள். மகன் சின்ன வயசில் படித்த புத்தகங்கள் டப்பாவுக்குள் இருக்கின்றன, உன் வீட்டுக்காரர் இந்த மாதிரி வாங்குவார் என்று சொன்னாயே, வைத்துக்கொள் என்றாளாம்.

லூசி அதை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தாள். வீட்டில் பாயை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். இன்னாசிமுத்து அப்போதுதான் முகம் கழுவிவிட்டு உள்ளே வந்தான். பாயின்மேல் நீல அட்டையில் கொக்கு சிறகு விரித்துக்கொண்டிருந்தது. மூலையில் ஒன்று என்ற எண். அட்டை கிழியவில்லை, மடங்கவில்லை. அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"கொண்டா இங்க. பெட்டில வைக்கேன்" என்று கையை நீட்டினான்.

லூசி புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதுக்கு டப்பா இருக்குல்லா. அதுலயே இருக்கட்டும்."

"ஏட்டி, அது என்னன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. பார்த்துத் தெரிஞ்சிக்கிடுதேன்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவனுக்கு இவளிடம் போய்க் கெஞ்சவா என்று இருந்தது. இரண்டு நாளில் சலித்துப்போய்த் தானே கொண்டுவந்து தருவாள் என்று நினைத்தான்.

லூசிக்குச் சலிக்கவில்லை. அவளுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது. படத்தைப் பார்த்தாள். முதலிலிருந்து கடைசி வரை பார்த்தாள், பிறகு திரும்பவும் பார்த்தாள். அந்த வாரமே குழாயடியில் தண்ணீர் பிடித்து முடித்த பெண்கள் வாசலில் வந்து உட்கார, மடியில் புத்தகத்தை விரித்துக் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

"இந்தா, கப்பல்ல இருந்து விழுதால்லா சேப்பு கவுனுக்காரி, இவ கல்யாணப் பொண்ணு. பிடிக்காத கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக் கப்பல்ல ஏத்திக் கொண்டுட்டுப் போறாவ. இவ என்ன செய்தா, ராத்திரியோட ராத்திரியா கடல்ல குதிச்சிட்டா."

"ஐயோ, நீச்சல் தெரியுமா?" என்றாள் பக்கத்து வீட்டுப் பேராச்சி.

"தெரியாது. அதான் கொக்கு வருதான் பாரு."

அறைக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு திரைதான். உள்ளே இன்னாசிமுத்து தன் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனால் பொறுக்க முடியவில்லை. திரையை விலக்கி, "அவ கல்யாணப் பொண்ணு இல்ல. உளவு சொல்லுதவ. எதிரி நாட்டுக்காரி. கையில வரைபடம் வச்சிருக்கா" என்றான்.

பெண்கள் அவனைப் பார்த்தார்கள். பேராச்சி, "அண்ணாச்சி, நீங்க கொஞ்சம் சும்ம இருங்க. பெறவு என்னாச்சு லூசி? அந்த மொட்டைத் தலையன் ஆரு?" என்றாள்.

"அவன்தான் மாமனாரு. நகைக்காவ வாரான்."

மொட்டைத் தலையன் நீர்மூழ்கிக் கப்பலின் தளபதி. அட்டைக்கு அடுத்த பக்கத்திலேயே அச்சடித்திருந்ததை, அவள் குழாயடிக்குப் போயிருந்தபோது அவன் எழுத்துக்கூட்டிப் பார்த்திருந்தான். இன்னாசிமுத்து திரையை விட்டுவிட்டு உள்ளே போனான். வாசலில் 'உச்' கொட்டுகிற சத்தமும் சிரிக்கிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன. இத்தனை வருஷம் அவன் சேர்த்து வைத்திருக்கிறான், தெருவில் ஒருத்தர் வந்து ஒரு நாள் என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டதில்லை. இவள் ஒரு டப்பா வைத்துக்கொண்டு, அதுவும் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டு, சபை கூட்டி உட்கார்ந்திருக்கிறாள். தன் பெட்டிக்குள் பார்த்தான். எல்லாம் திடீரென்று பழைய தாளாகத் தெரிந்தது.

அடுத்தடுத்த நாட்களில் அவள் எது செய்தாலும் அவனுக்குக் குற்றமாகப் பட்டது. குழம்பில் புளி தூக்கல் என்றான். விளக்கை ஏன் இவ்வளவு நேரம் எரிக்கிறாய் என்றான். புத்தகத்தின் ஓரத்தில் எண்ணெய்க் கறை பட்டுவிட்டதா என்று அவள் இல்லாதபோது டப்பாவைத் திறந்து பார்த்தான். கறை ஏதும் இல்லை. புடவைக் கிழிசலில் உறை தைத்து, அதற்குள் வைத்திருந்தாள். ஒரு கறையாவது இருந்திருக்கலாம் என்று அவனுக்கு ஏமாற்றமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லூசி பூசை முடிந்து கோயிலிலேயே பெண்கள் சங்கக் கூட்டத்துக்கு நின்றுவிட்டாள். இன்னாசிமுத்து வீட்டுக்கு வந்து, டப்பாவிலிருந்து முதல் நம்பரை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கிங்ஸ் சர்க்கிள் போனான்.

நடைபாதையில் அவன் அதை வெளியே எடுத்ததும் பேச்சு நின்றுபோனது. கடைக்காரன்கூட எழுந்து வந்தான். கையில் வாங்கிப் பார்க்கவே பயந்தார்கள். ஷாகுல் ஹமீது கைக்குட்டையை விரித்து, அதன்மேல் வாங்கி, ஒரு பக்கத்தை மட்டும் திருப்பிப் பார்த்தான். அவன் முகத்தில் எப்போதும் இருக்கிற சிரிப்பைக் காணவில்லை.

"எங்க பிடிச்சிய அண்ணாச்சி?"

"பிடிச்சேன்" என்றான் இன்னாசிமுத்து.

"உங்களுதா?"

"பின்ன ஆருது?"

அந்த முகத்தைப் பார்க்கத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தான். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பி, லூசி வருவதற்குள் புத்தகத்தை உறையில் போட்டு வைத்துவிட்டு, வயிறாரச் சாப்பிட்டான்.

ஷாகுல் அதோடு விடவில்லை. அடுத்த வாரம் ஒரு துணிப்பை நிறையப் புத்தகத்தோடு தாராவிக்கே வந்துவிட்டான். விசாரித்து விசாரித்துச் சந்துக்குள் வந்து, வாசலில் நின்று சலாம் சொன்னான். லூசி பாயை உதறிப் போட்டு உட்காரச் சொன்னாள்.

"அக்கா, அண்ணாச்சி பெரிய அதிர்ஷ்டக்காரர். கொக்கு முதல் நம்பர் வச்சிருக்காங்களே, அதுக்குத்தான் வந்தேன். எங்கிட்ட இருக்கதுல எது வேணும்னாலும் எடுத்துக்கிடட்டும். மாத்திக்கிடலாம்."

லூசி கணவனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான். அவள் எழுந்துபோய் டப்பாவைக் கொண்டுவந்து வைத்து, துணி உறையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள்.

"இதா தம்பி?"

ஷாகுல் துணி உறையைப் பார்த்தான், டப்பாவைப் பார்த்தான், பிறகு இன்னாசிமுத்துவைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு, "இது உங்களுதாக்கா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"ஆமா. வேலைக்கு நின்ன வீட்டுல எனக்குக் குடுத்தது. நீங்க என்ன கொண்டாந்திருக்கிய, காட்டுங்க."

அவன் பைக்குள்ளிருந்ததைப் பாயில் பரப்பினான். கொக்கில் இன்னாசிமுத்துவிடம் இல்லாத நம்பர்கள் எல்லாம் அங்கே கிடந்தன. லூசி அவற்றை ஒதுக்கித் தள்ளினாள். குதிரைக்காரர்கள் கதை ஒன்றை எடுத்தாள். அட்டையே இல்லாத ஒரு காதல் கதையை எடுத்தாள். ஒரு தாயும் மகளும் புகைவண்டியில் ஏறுகிற படம் போட்ட புத்தகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதையும் எடுத்துக்கொண்டாள். ரத்திக் கடையில் எடைக்குப் போகிற சரக்கு.

"ஏ லூசி!" என்றான் இன்னாசிமுத்து.

"என்ன?"

அதைக் கொடுக்காதே என்று சொல்ல வேண்டும். எந்த உரிமையில் சொல்வது? ஷாகுல் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுமில்ல."

"அக்கா, அண்ணாச்சிக்குச் சம்மதமான்னு கேட்டுட்டு…" என்று ஷாகுல் இழுத்தான்.

"அவிய பெட்டியில இருக்கத நான் தொடுறதில்ல தம்பி. இது என்னோடது. டீ குடிச்சிட்டுப் போங்க."

ஷாகுல் முதல் நம்பரை வாங்கிக்கொண்டு போய்ச் சந்து திரும்பும் வரை இன்னாசிமுத்து பொறுத்திருந்தான். பிறகு கத்தினான். அறிவிருக்கிறதா என்றான், பம்பாயிலேயே ஒன்றுதான் இருந்தது என்றான், போயும் போயும் அவனிடம் கொடுத்தாயே என்றான். டப்பாவைக் காலால் எற்றினான். லூசி டப்பாவை நிமிர்த்தி வைத்தாள்.

"அந்தக் கதையத்தான் எல்லாருக்கும் சொல்லியாச்சே. புதுசா வேணும்லா."

"எனக்குத் தந்திருக்கலாம்லா?"

"நீங்க கேட்டியளா?"

அவன் தன் பெட்டிப் பக்கம் திரும்பினான்.

"முத நாள் 'கொண்டா'ன்னிய. கேக்கல. ஒரு வாட்டி வாயத் தெறந்து, லூசி, எனக்குத் தாயேன்னு கேட்டிருந்தா அன்னைக்கே தந்திருப்பேன். உங்களுக்குன்னுதான சுமந்துட்டு வந்தேன்." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கேக்காம எடுத்துட்டுப் போயி, ஊர்ல காட்டி, உங்களுதுன்னும் சொல்லிட்டிய."

அன்றைக்கு அவர்கள் அதற்குமேல் பேசவில்லை. பல நாள் பேசவில்லை. வாசலில், லூசியின் புதுக் கதையில், தாயும் மகளும் புகைவண்டியில் எங்கோ போய்க்கொண்டிருந்தார்கள். பேராச்சி அழுதாள். இன்னாசிமுத்து திரைக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, மகள் எந்த ஸ்டேஷனில் தாயைத் தவறவிட்டாள் என்று கேட்டுக்கொண்டிருந்தான். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் போக முகமில்லை.

மழை விட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தானாகவே பஸ் ஏறித் திலக் நகருக்குப் போனான். ஷாகுல் வீட்டுப் படி ஏறும்போது திரும்பிவிடலாமா என்றும் நினைத்தான். ஷாகுல் கதவைத் திறந்து, பழைய கதை எதையும் எடுக்காமல், உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டான்.

"ஒருக்கா பாத்துட்டுப் போறேன் பாய். தருவியளா?" என்றான் இன்னாசிமுத்து. கேட்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை.

ஷாகுல் அலமாரியிலிருந்து எடுத்துவந்து கையிலேயே கொடுத்தான். கண்ணாடித் தாள் சுற்றியிருந்தது. இன்னாசிமுத்து மேசைமேல் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தான். அவன் பார்த்து முடிக்கும் வரை ஷாகுல் காத்திருந்தான். பிறகு கேட்டான்.

"அண்ணாச்சி, அக்கா இதுல வேற ஒரு கதை சொல்லுவாங்களாமே. உங்க பக்கத்து வீட்டம்மா அன்னைக்கு நான் சந்து தாண்டுறதுக்குள்ள சொல்லிட்டாங்க, மாமனார் எப்படிச் செத்தான்னு பாத்திங்களான்னு. மாமனார் யாருன்னே எனக்கு விளங்கல. என்ன கதை அது?"

"அது ஒண்ணுமில்ல, சும்மா தோணினதச் சொல்லுவா."

"சொல்லுங்க. நானும் கேக்கேன்."

இன்னாசிமுத்து முதல் பக்கத்துக்குத் திருப்பினான். சிவப்புக் கவுன்காரியின்மேல் விரலை வைத்தான். இவள் கல்யாணப் பெண், பிடிக்காத கல்யாணம் என்று ஆரம்பித்தான். திரைக்குப் பின்னால் கேட்டதெல்லாம் ஒன்று விடாமல் நினைவில் இருந்தது. மாமனார் நகைக்காக வருகிற இடத்தில் லூசி குரலைத் தாழ்த்துவாள், அவனும் தாழ்த்தினான். கொக்கு அவளைத் தூக்கிக்கொண்டு விளக்குக் கோபுரத்தின்மேல் இறக்கியதும், லூசி கொஞ்சம் நிறுத்தி எல்லோர் முகத்தையும் பார்ப்பாள். அவனும் நிறுத்தி ஷாகுலைப் பார்த்தான்.

ஷாகுல் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். கதை முடிந்ததும் பெருமூச்சு விட்டான்.

"அச்சில இருக்கதவிட இது நல்லாருக்கு. நீங்க சொல்லியே இப்படி இருக்குன்னா, அக்கா வாயால கேட்டா எப்படி இருக்கும்! அடுத்த வாரம் வீட்டுக்கு வரட்டுமா?"

இன்னாசிமுத்துவுக்கு உள்ளே சுருக்கென்றது. புத்தகத்தை மூடி அவன் கையில் கொடுத்தான்.

"கேட்டுச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.